மலிவு பதநீர் குடிக்கலாமா? நெய்யூர் அக்கானி சொல்லும் கணக்கு!

சித்திரை வெயில். நாற்கர சாலையில் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. பின் சீட்டில் பிள்ளைகள் தாகம் தாகம் என்று நச்சரிக்கிறார்கள். சாலையோரம் நான்கு பனையோலையைச் செருகிய ஒரு பந்தல், உள்ளே ஒரு மண்பானை, முன்னால் ‘சுத்தமான பதநீர்’ என்ற பலகை. கூல்டிரிங்க்ஸைவிட விலையும் குறைவு. வண்டி நிற்கிறது. ஆளுக்கொரு டம்ளர் உள்ளே போகிறது.

இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், பத்து கிலோமீட்டர் தாண்டிய பிறகும் நாக்கில் அந்த இனிப்பு போகவில்லை. அடியில் லேசான கசப்பு வேறு. ‘நாம குடிச்சது பதநீர்தானா?’ என்ற சந்தேகம் அப்போதுதான் வருகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் குடிப்பதற்கு முன்பே வந்துவிடும். அங்கே பதநீருக்குப் பெயர் ‘அக்கானி’. “இன்னைக்கு எறக்குனதா அண்ணே? எந்த விளையில உள்ளது?” என்று கேட்டுவிட்டுத்தான் பாத்திரத்தையே நீட்டுவார்கள். எந்த மரம், யார் ஏறியது, எத்தனை மணிக்கு இறக்கியது என்று தெரிந்தால்தான் அது அக்கானி. தெரியாவிட்டால் அது வெறும் இனிப்புத் தண்ணீர்.

மலிவாகக் கிடைக்கும் பதநீரும், அதே வழியில் வரும் மலிவுக் கருப்பட்டியும் வாங்கத் தகுந்தவையா? பதில் தெரிய வேண்டுமென்றால் முதலில் பனை மரத்தில் ஏற வேண்டும்.

பத்து நாளில் ஒரு எவரெஸ்ட்

நெய்யூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள மிஷன் மருத்துவமனை. 1838-ல் தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி அது. 1922-ல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த இங்கிலாந்து அறுவை சிகிச்சை நிபுணர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கிய பிறகு இந்த ஊருக்கு வந்து மருத்துவரானார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறினார். பிறகு நெய்யூருக்கே திரும்பிவந்து பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார்.

எவரெஸ்ட் ஏறிய அந்த டாக்டரைச் சுற்றி இருந்தவர்களும் ஏறுகிறவர்கள்தான். ஒரு பனையேறி ஒரு நாளைக்கு 30 மரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரம் சராசரியாக 15 மீட்டர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 900 மீட்டர் ஆகிவிட்டது. பத்து நாளில் 9,000 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சி 8,849 மீட்டர். ஆக, பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு எவரெஸ்ட்! இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கிடையாது. காலில் ஒரு தளைநார், பிடித்து ஏற மரத்தோடு சாய்த்த முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் பெட்டி. அவ்வளவுதான்.

மேலே போனதும் சும்மா கலயத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட முடியாது. பனம்பாளையைக் கடிப்பு வைத்து இதமாக நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். நுனியை மிக மெல்லிதாகச் சீவ வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் சொட்டு நின்றுபோகும். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பதநீர் உண்டு. பாளையைப் பக்குவம் செய்யும் முறைதான் வேறு. மரம் பாளை விடவே 15, 20 வருடங்கள் ஆகும். தாத்தா நட்டதில் பேரன் ஏறுகிற கணக்கு இது.

இதெல்லாம் வருடம் முழுக்கவும் கிடையாது. தை, மாசியில் தொடங்கி கோடை முடிகிறவரைதான் பருவம். மழை வந்துவிட்டால் மரம் வழுக்கும், சாற்றில் தண்ணீர் சேரும்.

இப்போது அந்த மலிவு டம்ளரை மறுபடி நினைத்துப் பாருங்கள். இத்தனை உழைப்பும் அந்த விலைக்குள் எப்படி அடங்கும்?

சுண்ணாம்பு செய்யும் வேலை

பாளையிலிருந்து சொட்டும் சாறு சர்க்கரைத் தண்ணீர் போன்றது. காற்றில் மிதக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. விட்டுவைத்தால் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளித்து, சர்க்கரை மதுவாக மாறத் தொடங்கிவிடும். அதுதான் கள்.

இதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் பெருக முடியாது. சாறு இனிப்பாகவே நிற்கும். கலயத்தின் அடியில் சுண்ணாம்பு தங்கிவிட, மேலே தெளிந்திருப்பதை ஊற்றி வடிகட்டினால் பதநீர்.

ஆக, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறுதான். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. நெய்யூரிலிருந்து வண்டியேறி களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடையே உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த இரண்டு பக்கமும் ஒரே மாநிலத்தில் இருந்த மண். சட்டம் பிரித்தாலும் பனைக்கு எல்லை தெரியாது.

இங்கிலாந்திலும் இதே கேள்வி

இந்த ‘மலிவு’ சிக்கல் நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘சைடர்’ என்ற மதுபானம் இங்கிலாந்தில் பிரபலம். அமெரிக்காவில் ‘சைடர்’ என்றால் பெரும்பாலும் புளிக்காத ஆப்பிள் சாறுதான். புளித்ததை ‘ஹார்டு சைடர்’ என்பார்கள். நம்முடைய பதநீரும் கள்ளும் போலவே!

இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட்டுகளில் பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் மலிவு சைடர் அடுக்கியிருக்கும். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று அந்த ஊர்க்காரர்களும் விவாதிக்கிறார்கள். காரணம், அங்குள்ள வரி விதிப்படி ஒரு பானத்தை சைடர் என்று விற்க, அதில் குறைந்தது 35 சதவிகிதம் பழச்சாறு இருந்தால் போதும். மீதியைத் தண்ணீரும் சர்க்கரையும் நிரப்பலாம். தோட்டத்து ஆப்பிளை மட்டும் பிழிந்து செய்பவரால் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. ஏழைகளின் உடலை மலிவு மது அரிப்பதைப் பார்த்து, ஸ்காட்லாந்து 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையையே நிர்ணயித்தது.

நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் சைடர் மதுவாக வருவது குறைவு. உடல் மெலிய உதவும் என்று பலரும் வாங்கும் ‘ஆப்பிள் சைடர் வினிகர்’தான் தெரியும். அது அதே சாற்றின் மூன்றாம் கட்டம். சாறு புளித்து மதுவாகி, மது மேலும் புளித்துக் காடியாகிறது. தென்னங்கள்ளிலும் இதே வேலை நடக்கும். கோவாவின் விண்டாலூ குழம்புக்குப் புளிப்பு தருவது தென்னங்கள் காடிதான்.

ஊர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். பெயருக்கு உரிய சாறு உள்ளே எவ்வளவு இருக்கிறது?

மலிவு டம்ளரில் என்ன இருக்கும்?

நல்ல பதநீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 முதல் 14 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு குடம் பதநீரில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் இனிப்பு பாதியாகிவிடும். குடிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு வருகிறது. சர்க்கரையைவிடச் சில நூறு மடங்கு இனிப்பு அதிகம். சிட்டிகை போதும், செலவு மிகக் குறைவு. நிறத்துக்கும் வழவழப்புக்கும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர். பானையும் ஓலையும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அரசு அனுமதித்த அளவுக்குள், லேபிளில் சொல்லிச் சேர்த்தால் சாக்கரினை விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் பானைக்கு அளவும் கிடையாது, லேபிளும் கிடையாது. எந்தத் தண்ணீர், யார் கை, எந்தச் சுண்ணாம்பு என்பதும் தெரியாது. ஏமாற்றத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து. கோடையில் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் பரவுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தண்ணீரில்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாங்கிய பதநீரில் ஒரு டம்ளரை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுங்கள். அசல் என்றால் நிறம் கருத்து, பாகுபோல் இறுகி, கருப்பட்டி வாசம் வரும். சாக்கரின் தண்ணீர் என்றால் ஆவியாகிப் போய், அடியில் வெள்ளைப் படிவு மட்டும் மிஞ்சும். வெள்ளைச் சர்க்கரை கரைத்திருந்தால் பாகு வரும். ஆனால் அந்தப் பனை வாசம் வராது.

கருப்பட்டியில் கணக்கு இன்னும் தெளிவு

நெய்யூர் பக்கத்து வீடுகளில் பதநீரைவிடக் கருப்பட்டிக்குத்தான் வேலை அதிகம். காலைக் காப்பி முதல் பிள்ளை பெற்றவளுக்கான மருந்து லேகியம் வரை அதுதான். பதநீர் ஒரே நாளில் கெட்டுப்போகும். அதை நாள்பட வைத்திருக்கக் கண்ட வழிதான் கருப்பட்டி.

இறக்கியவர் வீட்டுக்கு வந்ததும் வேலை பெண்கள் கைக்கு மாறும். வடிகட்டிய அக்கானியைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, மணிக்கணக்கில் புகையில் நின்று காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவது பழைய கைப்பக்குவம். பாகு பதம் வந்ததும் துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றினால் ஆறி இறுகிக் கருப்பட்டியாகும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். லிட்டர் 40 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், 8 லிட்டருக்கு 320 ரூபாய். விறகும் கூலியும் தனி. அப்படியிருக்க, கிலோ 150 ரூபாய்க்கு ஒரு கருப்பட்டி கிடைக்கிறது என்றால் என்ன அர்த்தம்? வெள்ளைச் சர்க்கரை கிலோ 45 ரூபாய் அளவில் கிடைக்கிறது. அதைக் காய்ச்சி, பழைய கருப்பட்டிக் கழிவோடு கலந்து, சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்குக் கருப்பட்டிதான். இத்தகைய கலப்படத்தை உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் சோதனை நடத்திப் பறிமுதல் செய்வது அடிக்கடி வரும் செய்தி.

உடைத்துப் பார்ப்பது ஊர் வழக்கம். உள்ளே மங்கலான பழுப்பாக இருந்தால் நல்லது. சர்க்கரைப் படிகம் மினுங்கினால் சந்தேகப்பட வேண்டும். வாயில் போட்டால் இனிப்போடு லேசான உப்பும் கரிப்பும் சேர்ந்து வர வேண்டும். ஆனாலும் கைதேர்ந்த கலப்படத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆய்வகச் சோதனைதான் முடிவு சொல்லும். அதனால்தான் மேலே சொன்ன விலைக் கணக்கு முக்கியம். நாக்கு ஏமாறலாம், கணக்கு ஏமாறாது.

பாட்டில் பதநீர் எப்படி?

இப்போது சூடேற்றிப் பதப்படுத்திய பதநீர் பாட்டிலிலும் பாக்கெட்டிலும் வருகிறது. முறையாகச் செய்தால் இது நல்ல வழிதான். பருவம் முடிந்த பிறகும் கிடைக்கும், கிருமி பயம் குறையும். காய்ச்சியதால் மரத்தடி மணம் கொஞ்சம் குறையும். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் நீராவுக்கும் தமிழக அரசு 2017-ல் அனுமதி கொடுத்தது. அது பனைப் பதநீர் அல்ல, தென்னைச் சாறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பாட்டிலைத் திருப்புங்கள்.

• சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் பெயர் தண்ணீர், இரண்டாவது சர்க்கரை என்றால், நீங்கள் வாங்குவது பனை வாசம் சேர்த்த சர்க்கரைத் தண்ணீர்.

• 950, 951, 954, 955 என்ற எண்கள் செயற்கை இனிப்புகளைக் குறிக்கும். 954 என்பது சாக்கரின். 211 என்பது கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்.

• எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் 14 இலக்கம். அது இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

• ‘பதநீர் சுவை’ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது சுவை மட்டும்தான்.

அசலாக இருந்தாலும் அளவு வேண்டும்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘இயற்கையானது, சுகர்காரர்களும் குடிக்கலாம்’ என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 200 மில்லி டம்ளர் பதநீரில் சுமார் 24 கிராம் சர்க்கரை இருக்கும். ஐந்து டீஸ்பூன் அளவு. அதே அளவு கோலா பானத்தில் உள்ள சர்க்கரையும் ஏறக்குறைய இதுதான். பதநீரில் சுண்ணாம்புச் சத்தும் தாதுக்களும் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை அவை தடுக்காது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

ஒருநாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரு டம்ளர் பதநீரிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு பருவத்தில் எப்போதாவது ஒரு டம்ளர் சந்தோஷம்தான். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்னொரு விஷயம், வௌவால். வங்கதேசத்தில் குளிர்காலத்தில் இறக்கும் ஈச்சம் பதநீரைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு நிபா வைரஸ் தொற்றியதை மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரவில் பழந்தின்னி வௌவால்கள் கலயத்தில் வாய் வைப்பதுதான் காரணம். பாளையையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடுவது அங்கே சொல்லப்பட்ட தீர்வு. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது நினைவிருக்கும். அது பதநீரால் வந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் குடிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும்போது கண்டிப்பாகக் காய்ச்சியே கொடுங்கள்.

மலிவின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

கலப்படத்தில் நமக்கு நஷ்டம் ஒரு டம்ளர் காசு. பனையேறிக்கு நஷ்டம் பிழைப்பே.

திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்த காலத்தில் பனையேறுகிறவர்கள் ஏணிக்குக்கூட வரி கட்டியவர்கள். இன்று அந்த வரி இல்லை. ஆனால் 150 ரூபாய்க் கருப்பட்டியோடு அவர்கள் போட்டி போட வேண்டியிருக்கிறது. விலை கட்டுப்படாமல் ஏறுவதை நிறுத்துகிறார்கள். மகன் ஏற வருவதில்லை. ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. அந்த இடத்தில் ரப்பரோ, வாழையோ, வீட்டு மனையோ வருகிறது. கீழே விழுந்து இடுப்பொடிந்தவர்களின் கதை பனங்காடுள்ள ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் பிறந்த மறைந்த தலைவர் குமரி அனந்தன் பனைக்காகவும் பனைத் தொழிலாளருக்காகவும் கடைசிவரை குரல் கொடுத்தார். மார்த்தாண்டத்தில் பனைத் தொழிலாளர்களுக்கென்றே சங்கம் இயங்குகிறது. 2021-22 வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்த தமிழக அரசு, 76 லட்சம் பனை விதைகளைக் கொடுப்பதாகவும், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது. உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் விதை மரமாக 15 வருடம் ஆகும். அதுவரை இருக்கிற மரத்தில் ஏறுகிறவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் அந்த விதைக்கு அர்த்தம் இருக்கும்.

சரி, என்னதான் செய்யலாம்?

• பருவத்தைப் பாருங்கள். ஐப்பசி மழையில் சாலையோரம் ‘புதுப் பதநீர்’ கிடைத்தால் நம்ப வேண்டாம்.

• காலையில் வாங்குங்கள். காலை இறக்கிய அக்கானி வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். மாலை வரை பானை நிறைய இருந்தால் யோசியுங்கள்.

• மரம் எங்கே என்று கேளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் பனையே இல்லாத இடத்தில் பானை எப்படி நிறைந்தது?

• கருப்பட்டியைப் பருவத்தில், காய்ச்சுகிறவர் வீட்டிலோ தெரிந்த சங்கத்திலோ வருடத்துக்கு மொத்தமாக வாங்கி, ஈரம் படாமல் வையுங்கள். நெய்யூர் பக்கத்தில் பலரும் செய்வது இதைத்தான்.

• சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யுங்கள். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலும் செய்யலாம்.

மலிவு பதநீர் குடிக்கத் தகுந்ததா என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஆள் தெரியாத மலிவு டம்ளருக்கு, அந்தக் காசில் ஒரு நல்ல மோரே மேல். ஆள் தெரிந்த அக்கானி கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பேரம் பேசாமல் கொடுங்கள். பட்டை பிடித்த பனையோலையில் ஊற்றித் தருவார். பிள்ளைகளுக்கும் ஒரு வாய் கொடுங்கள். அடுத்த முறை சாலையோரப் பானையில் அசல் எது, போலி எது என்று அந்த நாக்கே சொல்லிவிடும்.